ஆணத்தில் ஊறிய பாண்

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொற்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். கோணேசர் கோயிலைப் பற்றியோ திருகோணமலை என்ற பெயரைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது பாண். புதுப் பாணும் அல்ல. முதல் நாள் வாங்கி, மறுநாள் இறுகிப்போய், குழம்பில் ஊறப்போட்ட பாண்.

என் அம்மம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பல் இல்லை. பாணின் கரையைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குத் தந்துவிட்டு, நடுப்பகுதியைக் கோப்பையில் இட்டு அதன்மேல் சொதியை விடுவார். உடனே கை வைக்கமாட்டார். "ஊறட்டும்" என்பார். நாங்கள் சுற்றி இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். இதற்கு என்ன பெயர் அம்மம்மா என்று ஒருநாள் கேட்டேன். "பாணும் சொதியும்தான் தம்பி, இதுக்கு வேறென்ன பெயர்?" என்றார்.

பிறகு கிண்ணியாவில் ஒரு நண்பனின் வீடு. 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதைப் படகில்தான் அக்கரை போவோம். அந்த வீட்டில் அவனுடைய உம்மா பாணை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஆணம் விடவா மகன்?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல் புதிது. குழம்பைத்தான் சொல்கிறார் என்பது கரண்டியைப் பார்த்த பின்னர்தான் விளங்கியது. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ஆணம் நல்ல தமிழ்ச் சொல். குழம்பு என்றே பொருள் போட்டிருந்தது. நாங்கள் கைவிட்ட சொல்லை முஸ்லிம் வீடுகள் அடுப்படியில் காத்து வைத்திருக்கின்றன; புளியாணம், பாலாணம் என்று இன்றைக்கும் அது கொதிக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அப்படியே. தமிழ் முஸ்லிம்களின் பேச்சை 'கலப்பு' என்று ஒதுக்கித்தள்ளும் தமிழாசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் ஆணம் என்ற இந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பெயர் இல்லை என்று அம்மம்மா சொன்ன அந்தச் சாப்பாட்டுக்கு உலகத்தில் பெயர் இருக்கிறதா? இருக்கிறது. அந்தப் பெயர்களில் சில எங்கெங்கோ சுற்றி, இந்தத் துறைமுகத்தை உரசிக்கொண்டு போயிருக்கின்றன.

முதலில் அரபி. ரொட்டியைப் பிய்த்து நொறுக்கி, இறைச்சி ஆணத்தில் ஊறவைத்த உணவுக்கு ஸரீத் என்று பெயர். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வந்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பைச் சொல்லும்போது, உணவுகளுக்குள் ஸரீத் எப்படியோ பெண்களுக்குள் அவர் அப்படி என்ற கருத்தில் சொன்னதாக புகாரி நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சொல்லின் வேரைப் பாருங்கள். ஸரத என்ற வினைக்கு ரொட்டியைப் பிய்த்து ஆணத்தில் இடுதல் என்று பொருள். மாவின் பெயரோ குழம்பின் பெயரோ அதில் இல்லை. கை செய்த வேலைதான் உணவின் பெயராகிவிட்டது.

கை செய்த வேலை ஒரு மனிதனுக்கும் பெயரானது. நபிகளின் பூட்டனாருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அம்ர். மக்காவில் பஞ்சம் வந்த ஆண்டில் அவர் வடக்கே ஷாம் தேசத்துக்குப் போய் மாவும் ரொட்டியும் ஒட்டகங்களில் ஏற்றி வந்தார். சுமந்து வந்த ஒட்டகங்களையே அறுத்துச் சமைத்து, ரொட்டியை நொறுக்கி அந்த ஆணத்தில் இட்டு ஊருக்கெல்லாம் உண்ணக் கொடுத்தார் என்று மரபு சொல்கிறது. காய்ந்ததை நொறுக்குவதற்கு அரபியில் ஹஷம என்பார்கள். நொறுக்கியவர் ஹாஷிம். அம்ர் என்ற பெயரை வரலாறு படித்தவர்களே அறிவார்கள்; ஹாஷிம் என்ற பெயர் ஒரு குலத்தின் பெயராயிற்று. இன்று ஜோர்தான் நாட்டின் முழுப்பெயரிலேயே 'ஹாஷிமிய' என்ற சொல் இருக்கிறது. நமது மாவட்டத்தில் எத்தனை ஹாஷிம்கள்! கடை வைத்திருக்கிறார்கள், வள்ளம் வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். பசித்தவர்களுக்காகப் பாணைப் பிய்த்த கை ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கிறது.

அந்த ஹாஷிம் வணிகப் பயணத்தில் இறந்து அடக்கமான ஊர் காஸா என்பது மரபு. அவர் பெயரில் அங்கே ஒரு பள்ளிவாசல் உண்டு. 'ஹாஷிமின் காஸா' என்றே அரபியில் அந்த ஊரைச் சொல்வதுண்டு. ஒரு மூட்டை மாவுக்காக அங்கே மக்கள் நின்ற வரிசைகளை நாம் எல்லோரும் படங்களில் பார்த்தோம். நானும் பார்த்தேன். அதன் பிறகு இந்தச் சொல்லை வெறும் சொல்லாராய்ச்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. 2006இல் போரால் மூதூரில் இருந்து கந்தளாய்ப் பக்கம் நடந்துபோனவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கக்கூடும். முகாம் வாழ்க்கையில் பாணும் பருப்பும் என்னவாக இருந்தன என்பதை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அரபியர் ஐபீரியாவுக்குள் நுழைந்தது 711இல். சில நூற்றாண்டுகள் அங்கே அவர்களின் மொழி புழங்கியது. ஸரீதோடு ஒரே வேரில் பிறந்த இன்னொரு வடிவம் ஸுர்தா. அரபியில் பெயர்ச்சொல்லின் முன்னால் 'அல்' வரும். ஆனால் சில எழுத்துகளுக்கு முன்னால் அந்த 'ல்' மறைந்து, பின்வரும் எழுத்தே இரட்டிக்கும். அல்–ஸலாம் என்பதை அஸ்ஸலாம் என்று நாம் கேட்பது அந்த விதியால்தான். அப்படி அஸ்ஸுர்தா என்று ஒலித்ததை முன்னொட்டோடு சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள் போர்த்துக்கேயர். அவர்கள் வாயில் அது அசோர்தா ஆயிற்று. போர்த்துக்கலின் தெற்கே, கோதுமை விளையும் அலென்தேஜு பகுதியில் இன்றும் அசோர்தா ஏழை வீட்டுச் சாப்பாடு. பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் உப்போடு இடித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, இறுகிப்போன ரொட்டித் துண்டுகளை அதில் போடுவார்கள். வசதி இருந்தால் மேலே ஒரு முட்டை. பாலைவனத்துப் பெருவிருந்து கடல் கடந்து வந்து எளிய வீட்டுக் காலைச் சாப்பாடாயிற்று.

அந்தப் போர்த்துக்கேயர்தான் இங்கே வந்தார்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் சொல்லவும் வரவில்லை. 1639இல் ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்தார்கள். இந்தத் துறையில் அவர்கள் ஆண்டது இருபது ஆண்டுகூட நிறையவில்லை. அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் இந்தக் கரையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருந்தார்கள். ஆங்கிலேயர் அதற்கும் மேலாக இருந்தார்கள். அவர்களின் கடற்படைத் தளம் இங்கே கைமாறியது 1957இல்தான். ஆனால் காலையில் கடைக்குப் போனால் நாம் கேட்பது ஒல்லாந்தரின் சொல்லையோ ஆங்கிலேயரின் சொல்லையோ அல்ல. ரொட்டிக்குப் போர்த்துக்கேயர் வைத்த மூக்கொலிச் சொல்லின் ஈற்றை 'ண்' ஆக்கிப் பாண் என்கிறோம். சிங்களவரும் பாண் என்கிறார்கள். மும்பையில் பாவ் என்பதும் யப்பானியர் பான் என்பதும் இதே சொல். தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள்தான் விழிக்கிறார்கள். அவர்கள் ரொட்டி என்று கேட்டால் நாம் வேறொன்றைக் கொடுப்போம்.

சங்கத் தமிழில் பாண் என்றால் பாட்டு, பாணர் குலம். அந்தப் பாணும் இந்தப் பாணும் உறவல்ல. ஆனாலும், பாடிப் பசித்து வந்த பாணனுக்கு உணவிட்ட மொழியில் வந்து இந்தச் சொல் குடியேறியதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

பாணை மட்டுமா எடுத்தோம்? பாண் வேகிற அடுப்பு போறணை. அது போர்த்துக்கேயரின் 'போர்னு'. சமைக்கும் இடம் குசினி. கூடவே தேத்தண்ணியில் தோய்க்கிற விசுக்கோத்து. எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்த சொல் இறாத்தல். "ஒரு இறாத்தல் பாண் தாங்கோ" என்று கேட்டுத்தான் வளர்ந்தோம். இன்று சட்டப்படி பாணின் நிறை 450 கிராம். பழைய இறாத்தலைத்தான் கிராமில் எழுதியிருக்கிறார்கள். அரபியில் ரத்ல் என்பது ஒரு நிறை. அசோர்தாவுக்குச் சொன்ன அதே விதிப்படி அல்–ரத்ல் என்பது அர்ரத்ல் ஆகி, போர்த்துக்கேயரிடம் அர்ராத்தெல் ஆயிற்று. ரத்ல் என்பதோ கிரேக்கரின் லீத்ரா என்ற நிறையில் இருந்து அரமேயம் வழியாக அரபிக்கு வந்த சொல். நாம் மண்ணெண்ணெய் வாங்கும் லீற்றரும் அந்த லீத்ராவின் பிள்ளைதான். ஒரு இறாத்தல் பாணும் ஒரு லீற்றர் எண்ணெயும் ஒரே பையில் வீட்டுக்கு வரும்போது, பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த உடன்பிறப்புகள் சேர்ந்து வருகின்றன.

பாண் வந்தது, இறாத்தல் வந்தது, போறணை வந்தது. அசோர்தா என்ற பெயர் மட்டும் நம் வாயில் ஏறவில்லை. காரணம் எளிது. சொல் எப்போதும் பொருளோடு வரும். பாண் நமக்குப் புதுப்பொருள். அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. போறணையும் புதிது. ஆனால் மேலே ஒன்றை ஊற்றி, ஊறவிட்டு, குழைத்து உண்பது நமக்குப் புதிதா? இடியப்பத்துக்குச் சொதி விட்ட கைதானே பாணுக்கும் விட்டது. செய்யத் தெரிந்த வேலைக்கு அயலாரிடம் பெயர் கேட்க யாரும் போவதில்லை.

ஐரோப்பாவின் வடக்கே இந்தக் கதை வேறு விதமாகத் திரும்பியது. இன்று ஆசுப்பத்திரியில் நோயாளிக்குக் கொடுக்கும் சூப்பு இருக்கிறதே, அதைத் தண்ணீர்ப் பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆதியில் சூப்பு என்பது அந்த நீர் அல்ல. நீருக்கு அடியில் கிடந்த ரொட்டி. ஜெர்மானிய வேரில் இருந்து பிற்கால லத்தீனுக்குப் போன சுப்பா என்ற சொல்லுக்குக் குழம்பில் தோய்த்த ரொட்டி என்று பொருள். பிரெஞ்சில் சூப் ஆனது. முதலில் அங்கேயும் ரொட்டித் துண்டுதான். மழையில் தெப்பமாக நனைந்தவனைப் பிரெஞ்சுக்காரர் 'சூப்பைப்போல் நனைந்தவன்' என்பார்கள். நீர் எப்படி நனையும்? சூப் என்பது ரொட்டியாக இருந்த காலத்தில் பிறந்த பேச்சு அது. நாளடைவில் ரொட்டியைக் குறைத்தார்கள், பிறகு விட்டார்கள். பெயர் குழம்பின்மேல் தங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் சூப் என்று அது நுழைந்தபோது ரொட்டியின் நினைவு ஏறக்குறைய அழிந்திருந்தது. நம்முடைய சூப்புதல் இதன் உறவு என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லாதீர்கள். சூப்புதல் திராவிடச் சொல். உதடு குவிகிற ஓசை ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான். தமிழுக்குப் பெருமை வேண்டுமென்றால் மிளகுத்தண்ணீர் போதும். ஆங்கிலேயரின் 'முல்லிகட்டோனி' சூப்பு அதில் இருந்துதான் போனது.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பழைய பெயர் உண்டு. எழுத்தில் புரூவிஸ், பேச்சில் புரூஸ். கொதிக்கவைத்த குழம்பைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குப் போய் புரூஎ ஆகி, அங்கிருந்து இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவந்த சொல் அது. குழம்பில் ஊறிய ரொட்டி என்று பொருள். இங்கிலாந்தில் இன்று பெரும்பாலானோருக்கு அது தெரியாது. வட வேல்ஸில் ஓட்ஸ் ரொட்டியை இறைச்சிக் குழம்பில் ஊறவைத்து புருவெஸ் என்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் நாள்தோறும் வாயில் வாழ்கிற இடம் அத்திலாந்திக்குக்கு அப்பால், கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூபவுண்ட்லாந்து.

அந்தத் தீவும் மீனவர் நாடு. அங்கே 'மீனும் புரூஸும்' என்று ஒரு சாப்பாடு. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனை இரவே நீரில் போடுவார்கள். நாம் கருவாட்டை ஊறப்போட்டு உப்பு இறக்குவது போலத்தான். இன்னொரு பாத்திரத்தில் கல்லுப்போன்ற கப்பல் விசுக்கோத்து இரவெல்லாம் ஊறும். காலையில் இரண்டையும் அவித்து, பன்றிக் கொழுப்பைத் துண்டுதுண்டாகப் பொரித்து மேலே போடுவார்கள். அந்த விசுக்கோத்து ஊறுவது இப்போது வெறும் தண்ணீரில். குழம்பு போய்விட்டது, குழம்பின் பெயர் நின்றுவிட்டது. சூப்பு ரொட்டியை இழந்தது போல, புரூஸ் குழம்பை இழந்தது.

கப்பல் விசுக்கோத்து என்றேன். ஆங்கிலக் கடற்படையில் மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் விசுக்கோத்து என்பது 17ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கணக்கு. நம் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட பாய்மரப் போர்க்கப்பல்களின் வயிற்றிலும் அது மூட்டைமூட்டையாக இருந்தது. அதைப் பல்லால் கடிக்க முடியாது. நனைக்காமல் உண்ண வழியில்லை.

நம் ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று உண்டு. 'எச்.எம்.எஸ். திரிங்கோமாலி'. 1817ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12இல் பம்பாயில், வாடியா குடும்பத்துக் கப்பற்கட்டுநரின் துறையில், தேக்கு மரத்தால் கட்டி நீரில் இறக்கினார்கள். அந்தக் கப்பல் 1849இல் எங்கே போனது தெரியுமா? நியூபவுண்ட்லாந்துக்கும் லாப்ரடோருக்கும். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊறிய ரொட்டியின் பழம்பெயர் இன்னும் உயிரோடிருக்கும் கரைக்குத் திருகோணமலை என்ற பெயர் நெற்றியில் எழுதிய கப்பல் போயிருக்கிறது, அதே விசுக்கோத்தைச் சுமந்துகொண்டு. இன்று அந்தக் கப்பல் இங்கிலாந்தின் வடகிழக்கே ஹாட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. தேக்கு என்பதால் இன்னும் நீரில் மிதக்கிறது.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். சீனன்குடாவில் பிறிமா மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை. கப்பல் கப்பலாக இந்தத் துறைக்கு வருகிறது. இங்கே அரைபட்ட மா நாடெங்கும் போய்ப் பாணாகிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் நமக்குப் பாடம் சொன்னார்கள். நாட்டின் பாண் மா இந்தத் துறை வழியேயும் வருகிறது என்பதையும் அந்தப் பாடத்தில் சேர்த்திருக்கலாம். 2022இல், பொருளாதார நெருக்கடியில் மா கிடைக்காமல் போறணைகள் அணைந்து கிடந்த நாட்களில், வழக்கமாக ஒதுக்கிவைக்கும் கரைத் துண்டைக்கூட யாரும் எறியவில்லை.

இப்போது அம்மம்மாவின் பதிலுக்கு வருகிறேன். இதுக்கு வேறென்ன பெயர் என்று கேட்டாரே, அவர் சொன்னது சரிதானா? தமிழ் இதற்குப் பெயர் வைக்கவில்லையா? பாணுக்கு வைக்கவில்லை; பாண் நேற்று வந்தது. ஆனால் நீர்மத்தில் கிடக்கும் உணவுக்கு நம்முடைய பழம்பெயர் ஒன்று இருக்கிறது. மிதவை. அகநானூற்றில் கொள்ளும் பயறும் பாலும் கலந்த ஒரு மிதவை வருகிறது, உழைப்பவர்களின் உணவு. அரபி கையைப் பார்த்து, பிய்ப்பது என்று பெயரிட்டது. ஐரோப்பாவின் வடபுலத்தார் ரொட்டி உறிஞ்சுவதைப் பார்த்துத் தோய்ந்தது என்றார்கள். நம் முன்னோர் கலத்துக்குள் குனிந்து பார்த்திருக்கிறார்கள். பருக்கை மிதப்பது கண்ணில் பட்டிருக்கிறது.

இன்று மிதவை என்றால் துறைமுக வாயிலில் கப்பலுக்கு வழிகாட்டும் மிதவைதான் நமக்கு நினைவு வரும். சோற்றுக் கலத்தில் இருந்து கடலுக்குப் போய்விட்டது அந்தச் சொல். அதை மறுபடியும் சாப்பாட்டுக்குள் இழுத்துவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொற்கள் போன இடத்தில் இருக்கட்டும். ஆணம், போறணை, இறாத்தல் இவற்றைத்தான் கேட்கிறேன். இவை இன்னும் நம் வாயில் இருக்கின்றன. பாலையூற்றில் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். கிண்ணியாவில் ஆணம் காய்ச்சும் உம்மாமார் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர்கள் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள். குசினியில் உள்ள ஒவ்வொரு பொருளையும் காட்டி என்ன பெயர் என்று கேளுங்கள். தேதி போட்டு, யார் சொன்னார் என்று குறித்து வையுங்கள். நான் என் அம்மம்மாவிடம் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்டேன். இன்னும் நூறு கேட்டிருக்கலாம்.

அந்தக் கோப்பை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சொதியை விட்டதும் பாண் துண்டுகள் மேலே வந்து மிதக்கும். மஞ்சள் ஓரத்தில் இருந்து நடுவுக்கு ஏறும். அம்மம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். கனத்து, ஒவ்வொன்றாக அவை அமிழும். கடைசித் துண்டும் அமிழ்ந்த பிறகுதான் அவர் கையை வைப்பார்.